தல்தா, ஆண்பால், ஒருமை

க்யிம்யிண்டைங், ரங்கூன்
9 ஜனவரி 1927

அன்புள்ள தங்கவேலு அண்ணனுக்கு,

தங்களுக்கு நான் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். தாங்கள் டாக்டருக்குப் படிக்கப் போன இரண்டு வருஷமாக இந்த வீட்டிலிருந்து டப்ளினுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் வருகின்றன. ஆனால் அவை தங்கள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. என் பேச்சாக எழுதுவது இதுவே முதல். பேனாவை எடுத்து வைத்து மூன்று நாளாகிறது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதேன். பி.ஏ. எழுதினவளுக்குக் கடுதாசி எழுத நான் சொல்லித் தரணுமா" என்றார்கள்.

பரீட்சை முடிவு வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பில் தேறியிருக்கிறேன். தகப்பனார் பெயர் போடும் இடத்தில் 'சொக்கன், டாலா' என்று அச்சாகியிருந்தது. கப்பல் பட்டறையில் கொதிகலன் துருவைச் சுரண்டிய கூலியின் பெயர் அந்தத் தாளில் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தங்கள் அப்பா இருந்திருந்தால் அந்தத் தாளைத் துறைமுக ஆபீசில் எல்லா மேஜைக்கும் கொண்டு போயிருப்பார். அம்மா, "அப்போ இனிமே புஸ்தகத்தையெல்லாம் பரண்ல போடலாம்" என்றார்கள்.

அடுத்த சேதியைச் சொல்லத்தான் தயக்கம். ஆற்றுக்கு அப்பால் சிரியத்தில், எண்ணெய் ஆலைத் தமிழர்களின் பிள்ளைகளுக்கென்று புதிதாகப் பள்ளி ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். அதன் மானேஜர் பொன்னுத்துரை என்னை ஆசிரியையாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. என் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் மங்கி, பட்டறையில் நிறுத்திவிட்டார்கள். டாலாவில் யாரோ ஒருவருடைய கூரைக்கடியில் படுத்திருக்கிறார். வேலை கிடைத்தால் அவரை என்னோடு வைத்துக்கொள்ள முடியும்.

கல்யாணமாகாத பெண்ணை, வளர்த்த வீட்டாரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எடுக்க முடியாது என்கிறார் மானேஜர். அம்மாவின் கைநாட்டு இருந்தாலும் போதுமாம். அம்மா வைக்க மாட்டேன் என்கிறார்கள். "ஆம்பளைன்னு ஒருத்தன் இருக்கான்ல. அவன் எழுதட்டும்." ஆகவே தாங்கள் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். அம்மாவுக்குத் துணையாகச் சுப்பம்மாள் என்று ஒருத்தியைப் பேசி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் நானும் வருவேன்.

இன்னொன்று. தங்கள் விடுதி மேல்மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் தம் மாணவர்களை அவர்களுடைய ஐரிஷ் பாஷையில் 'தல்தா' என்பார், வளர்ப்புப் பிள்ளைக்கும் அதே சொல்தான், 'நம்ம நீலா மாதிரி' என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அம்மா அந்த வரியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து என் பெயரே அதுதான். "தல்தா, தண்ணி." "தல்தா, என்னைப் பொரட்டிப் போடு." பால்காரர் அது பர்மியப் பெயரா என்று கேட்டார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதன் இலக்கணம் என்ன என்று விசாரித்து எழுத முடியுமா? என்னைக் கூப்பிடும் சொல் என்பதால் தெரிந்துகொள்ள ஆசை.

தங்கள்,
நீலாம்பாள்


டப்ளின்
13 பிப்ரவரி 1927

நீலா,

பி.ஏ. ஆகிவிட்டாயாமே. இண்டர்மீடியட்டில் என்னை மூன்று தரம் உருட்டிவிட்ட காலேஜ் உன்னை மடியில் உட்கார வைத்துக் கொஞ்சியிருக்கிறது. கொதிகலன் சுரண்டியவன் மகளுக்குப் புத்தகம் சுரண்டத் தெரியாமல் போகுமா? என் கட்டுரைகளை நீ எழுதித் தந்த காலத்திலேயே எனக்குத் தெரியும். அதை நீ அங்கே யாரிடமும் சொல்லவில்லையே?

உன் சொல்லைப் பற்றி வாத்தியாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இங்கே சொந்த அரசாங்கம் வந்ததிலிருந்து எல்லோருக்கும் பழைய பாஷைப் பைத்தியம். தெருப்பலகையில் அது, பள்ளிக்கூடத்தில் அது. மனிதர் என்னைக் கணப்பருகே உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் விடவில்லை. அடுத்த நாள் எனக்கு எலும்புப் பரீட்சை.

கேட்டுக்கொள். தல்தா என்பது முதலில், பிறர் வீட்டில் வளரக் கொடுத்த பிள்ளை. பழைய காலத்தில் இந்த ஊரில் கௌரவமானவர்களே தங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதில் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதில் வெட்கம் இல்லை, உறவு வளரும் என்று கொடுப்பது. பிற்பாடு ஒரு குருவிடம் தங்கிப் படிக்கிறவனுக்கும் அதே பெயர். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து மூக்கு நோண்டுகிற பையன் வரைக்கும் தல்தாதான். வேர் என்னவென்றால், பால் ஊட்டுவது என்ற பொருளுள்ள ஏதோ ஒரு தொன்மையான வேராக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவரே கையை விரித்துவிட்டார்.

இலக்கணம் உனக்குப் பிடிக்கும். அந்தச் சொல் ஆண்பால். பெண்ணைச் சொன்னாலும் ஆண்பால்தான். நாம் ஆளைப் பார்த்துப் பால் சொல்கிறோம், அவர்கள் சொல்லுக்கே ஒரு பால் ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'தல்தாவினுடைய' என்று சொல்ல வேண்டுமானாலும் உருவம் மாறாமல் தல்தா என்றே நிற்கும். பலர் இருந்தால் தல்தீ. வேடிக்கை எல்லாம் சொல்லின் தலையில்தான். 'என்' என்று முன்னால் வைத்தால் முதலெழுத்து தொண்டைக்குள் போய்க் கரகரத்துவிடும். 'எங்கள்' என்று வைத்தால் ஒரு 'ந' வந்து 'த'வை விழுங்கிவிடும், 'நல்தா' என்றுதான் காதில் விழும். யாருடையது என்று சொன்ன மாத்திரத்தில் தலை போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு தல்தா இருக்கிறது, அதற்கும் அப்படித்தான் என்றேன். வாத்தியார் சிரித்தார்.

இனி வருவதை அம்மாவுக்குச் சத்தமாக வாசி. வளர்த்தவர்கள் தள்ளாதவர்கள் ஆகும்போது அவர்களைப் பராமரிப்பது தல்தாவின் கடமை. வெறும் வழக்கம் அல்ல, சட்டம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், எழுத்தறியாத மாட்டுக்காரன்கூட அறிந்திருந்த சட்டம். பி.ஏ. படித்தவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சிரியத்தையும் பொன்னுத்துரையையும் மூட்டை கட்டிப் பரணில் போடு. கண் தெரியாதவனுக்கு டாலா என்ன, சிரியம் என்ன.

தங்கவேலு


க்யிம்யிண்டைங்
20 மார்ச் 1927

அன்புள்ள அண்ணனுக்கு,

மறுபடியும் தொந்தரவு செய்கிறேன். வாசிக்கச் சொன்ன பகுதியை அம்மாவுக்கு வாசித்தேன். "பாத்தியா, வெள்ளைக்காரன் சட்டத்துலயே இருக்கு" என்றார்கள். அது இங்கிலீஷ்காரர்கள் ஆள வந்தபோது அழிந்துபோன சட்டம், அயர்லாந்துக்காரர்களுடையது என்று சொன்னேன். "எல்லாம் ஒரே தோல்தானே" என்றார்கள்.

சட்டம் என்று தாங்கள் எழுதியதால் அதைத் தேடிப் பார்க்கத் தோன்றிற்று. காலேஜ் நூலகத்தில் பழைய அயர்லாந்துச் சட்டங்களின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. யாரும் திறந்ததில்லை, பக்கங்கள் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தன. நூலகர் ஒரு கத்தி கொடுத்தார். மூன்று மத்தியானம் நின்று வாசித்தேன்.

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் அது பாதிதான். பெண்ணுக்குப் பதினாலு வயதில் வளர்ப்புக் காலம் முடிந்துவிடும். அன்று வளர்த்தவர்கள் அவளைப் பெற்றவர்களிடம் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பும்போது ஒரு பொருளைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அப்படிக் கொடுத்தவர்களுக்குத்தான், தள்ளாத காலத்தில் தல்தாவிடம் பராமரிப்புக் கேட்க உரிமை உண்டு. திருப்பி அனுப்பாதவர்களுக்கும், வெறுங்கையோடு அனுப்பியவர்களுக்கும் அந்த உரிமை இருப்பதாக நான் எங்கும் பார்க்கவில்லை. எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது.

தல்தாவுக்கு என்ன சாப்பாடு என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். எளியவன் பிள்ளைக்குத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியும் நாள்பட்ட வெண்ணெயும். தலைவன் பிள்ளைக்குப் புது வெண்ணெய். அரசன் பிள்ளைக்குத் தேன். எளியவன் மகளுக்குத் திரிகை சுற்றவும் மாவு பிசையவும் சலிக்கவும் கற்றுக்கொடுத்தால் போதும். இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. தங்களுக்கு நெய்ச்சோறும் எனக்குப் பழையதும் ஙப்பி மீன் விழுதும் என்று இந்த வீட்டில் யாரும் எழுதி வைக்காமலே அவ்வளவு ஒழுங்காக நடந்ததே என்று ஆச்சரியமாக இருந்தது. தங்கள் அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். அதை நான் மறக்கவில்லை. தங்கள் வீட்டுப்பாடத்தைச் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதையும் மறக்கவில்லை.

போன ஞாயிறு சம்பான் படகில் டாலாவுக்குப் போய் அப்பாவைப் பார்த்தேன். குரலைக் கேட்டதும், "யாரு, சயாமாவா? வாங்க, வாங்க. பலகை இல்ல, சாக்குலதான் உக்காரணும்" என்றார். பர்மியர்கள் ஆசிரியையைக் கூப்பிடும் சொல்லால் என்னைக் கேலி செய்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாக்கில் உட்கார்ந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் கடிதங்களில் அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. போன மழைக்காலத்தில் வாதம் வந்து கால் விழுந்ததைத் தங்களுக்கு எழுதினோம். அதற்குப் பின் வந்த முதல் கடிதத்தை வாசித்து முடித்ததும் அம்மா, "என் காலைப் பத்திக் கேக்கலையா" என்றார்கள். என்னால் தாளை மடிக்க முடியவில்லை. 'அம்மாவின் கால் எப்படி இருக்கிறது, தைலம் விடாமல் தேய்க்கிறாயா' என்று இருப்பதாக வாசித்துவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன். அந்த இடம் வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொள்வார்கள். தாங்களே எழுதினால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

மானேஜர் ஆகஸ்ட் முதல் வாரம் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்கிறார். நாலு வரி போதும்.

நீலாம்பாள்


டப்ளின்
24 ஏப்ரல் 1927

நீலா,

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் நீ. ஒரு வார்த்தை சொன்னேன், அதைக் கத்தியால் வெட்டி வைத்திருக்கிறாய். அதற்கும் நூலகர் கத்தி கொடுத்தாராக்கும்.

உன் கடிதத்தை வாத்தியாருக்குச் சொன்னேன். அவருக்கு ஒரே ஆனந்தம். ரங்கூனில் ஒரு பெண் தங்கள் சட்டத்தைப் படிக்கிறாள் என்று கண் கலங்கிவிட்டார். உனக்குத் தம் அன்பைச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். கண் கலங்கினவருக்கு நீ எப்படி வந்து சேர்ந்தாய் என்று தெரியாது. எனக்குத் தெரியும். எட்டுப் பேன், ஒரு சாக்கு, காலில் சேற்றுப்புண். உன்னைப் பின்கட்டில் நிற்க வைத்து அம்மா மண்ணெண்ணெயால் தலையைத் தேய்த்தாள். நீ அழவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றாய். இப்போதும் நீ நிற்பது அப்படித்தான் இருக்கும்.

பதினாலு வயது என்று எழுதியிருக்கிறாய். சரி, பதினாலு வயதைப் பற்றிப் பேசலாம். உனக்குப் பதினாலு நடக்கும்போது உன் அப்பன் வந்தான், தெரியுமா? இரண்டு தடவை வந்தான். சலவை செய்த வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மகளை அழைத்துக்கொண்டு போகிறேன், சமைத்துப் போட ஆள் இல்லை என்றான். அப்பா ஆபீசில். அம்மா உள்ளே. வாசலில் நான்தான் இருந்தேன். 'அவள் வரமாட்டாளாம், உன்னைப் பார்க்கவும் மாட்டாளாம், வெட்கமாக இருக்கிறதாம்' என்றேன். மறு மாதம் மறுபடி வந்தான். அதையே சொன்னேன். பழத்தை வைத்துவிட்டுப் போனான். நீ மேலே என் அல்ஜீப்ராவைப் போட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பழத்தில் உனக்கும் இரண்டு கொடுத்தேன், சாப்பிட்டாய்.

ஆகவே உன் சட்டப்படி வளர்ப்புக் காலம் முடிந்த அன்று உன்னைக் கேட்க ஆள் வந்தாயிற்று, போயாயிற்று. வழக்கு தள்ளுபடி.

கால் விஷயம். நீ பாட்டுக்குச் சேர்த்துக்கொள். பி.ஏ.வுக்கு ஒரு வரி சேர்ப்பது கஷ்டமா? ஒரு வரியும் இருப்பதில்லை என்றாயே. அம்மாவுக்கென்று எழுத உட்கார்ந்தால் அதை நீதான் வாசிக்கப் போகிறாய் என்பது எதிரில் வந்து நிற்கிறது. உன் வாயில் என் அம்மாவைக் கொஞ்ச எனக்கு வரவில்லை. இங்கே ஆறு மாதமாக மழை. யாரும் என் பெயரைச் சரியாகச் சொல்வதில்லை.

சம்மதம் இல்லை.

தங்கவேலு


க்யிம்யிண்டைங்
29 மே 1927

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் போய்க் கேட்டேன். வாழைப்பழம் கொண்டுவந்தீர்களா என்றுதான் கேட்க முடிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "படிக்கிற புள்ள. வெக்கமாத்தான இருந்திருக்கும். நீ சொன்னது தப்பில்ல" என்றார். நான் சொல்லவில்லை என்று சொன்னேன். "சரி, சரி" என்றார். ஒன்பது வருஷமாக நம்பியிருந்ததை ஒரு மத்தியானத்தில் எப்படி விடுவார்? சோறு வடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கஞ்சியை எங்கே வைத்தேன் என்று தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

தங்களுக்கு அப்போது பதினேழு வயது. அறியாமல் செய்தது என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

மறுபடியும் கேட்கிறேன். சம்மதம் எழுதி அனுப்புங்கள். ஜூலை கடைசிக்குள் வந்தாக வேண்டும். இல்லை என்றால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இனி வருவது அம்மா சொல்வது. சொன்னபடியே எழுதுகிறேன்.

மவனே தங்கவேலு, இவ ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறா. நீ என்னடா எழுதின? எங்கிட்ட வாசிக்கிறப்ப எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு. எழுதுடி, ஏன் நிறுத்துற? சொன்னத எழுது. இவளுக்கு மாப்பிள்ளை கீப்பிள்ளைன்னு எவனாச்சும் வந்தா நீ பிடி குடுக்காத. பள்ளிக்கூடத்துக்கும் குடுக்காத. நான் கண்ண மூடுற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் எந்தக் கெணத்துல விழுந்தா எனக்கென்ன. எழுதிட்டியா? கெணத்துலன்னு எழுதிட்டியா? எங்க, வாசி. ம். கை மட்டும் நல்ல கை. பீ மூத்திரம் அள்ளுது, மூஞ்சி சுளிக்காது. அப்பேர்ப்பட்ட கைய யாராச்சும் வெளிய விடுவாங்களா? நீ காலைப் பத்தி மறக்காமக் கேக்குறதுதான்டா எனக்கு மருந்து. அந்தத் தைலம் ஒண்ணும் கேக்கல. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்றேன், எம் மவன் கடல் தாண்டி இருந்தாலும் கால மறக்கலன்னு. நீ டாக்டரா வந்து ஒரு நல்ல மருந்து குடு.

இவ்வளவுதான் சொன்னார்கள்.

நீலாம்பாள்


டப்ளின்
2 ஜூலை 1927

நீலா,

இது உனக்கு மட்டும். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் வாசிக்காதே.

டாக்டர் பரீட்சையில் மூன்றாம் தரமும் தேறவில்லை. இனி உட்கார விடமாட்டார்கள். இங்கே வடக்கே ஒரு மருந்துக்கடையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது. ரங்கூனுக்கு வரமாட்டேன். எந்த முகத்தோடு வருவேன்? நீ பி.ஏ. ஆக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு நான் என்னவாக வந்து இறங்குவது?

அம்மாவுக்குத் தேறிவிட்டேன் என்று வாசி. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், இன்னும் சில வருஷம் ஆகும் என்று சேர். காலைப் பற்றியும் வழக்கம்போல் சேர்.

சம்மதம் ஏன் தரமாட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். நீ போய்விட்டால் யார் வாசிப்பார்கள்? வேறு எவன் வாசித்தாலும் உள்ளது உள்ளபடி வாசித்துவிடுவான். கிழவி அதோடு போய்விடுவாள். அந்தப் பாவம் உன்னைச் சேரும், என்னை அல்ல. நான் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறேன்.

பொன்னுத்துரைக்கு வேறு ஆள் கிடைப்பாள். அம்மாவுக்கு நீ ஒருத்திதான் தல்தா. கடைசி வரைக்கும் இரு.

தங்கவேலு


சிரியம்
7 ஆகஸ்ட் 1927

தங்கவேலு அவர்களுக்கு,

மேலே எழுதியிருக்கும் ஊரின் பெயரிலிருந்தே பாதி தெரிந்திருக்கும். இனி நான் எழுதுவதற்கு உரிமை இல்லை. இருந்தாலும் நடந்ததை நானே சொல்ல வேண்டும்.

தங்கள் கடிதம் ஜூலை முப்பதாம் தேதி பகலில் வந்தது. சுப்பம்மாள் அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அவளை முன்பே வரவழைத்துப் பழக்கியிருந்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் பிரித்து வாசித்தேன். "என்னடி, நீயே தின்னுக்கிட்டிருக்க. இங்கயும் கொஞ்சம் போடு" என்றார்கள் அம்மா.

வாசித்தேன். உள்ளது உள்ளபடி. 'இது உனக்கு மட்டும்' என்ற வரியிலிருந்து தொடங்கினேன். புட்டிக்குச் சீட்டு ஒட்டுவது, வரமாட்டேன் என்றது, கிழவி என்றது, எதையும் விடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தால் வாசித்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். தங்களைக் காயப்படுத்த வேண்டும் என்றுதான் வாசித்தேன். எதிரில் இருந்தது தாங்கள் அல்ல. அது வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தவில்லை.

முடித்ததும் அம்மா, "காலைப் பத்தி?" என்றார்கள்.

"இல்லை."

"போன கடுதாசியில?"

"அதிலும் இல்லை. நான் சேர்த்தேன்."

"அதுக்கு முந்தி?"

"எதிலும் இல்லை."

சீப்பைப் பிடித்திருந்த சுப்பம்மாளின் கையைத் தட்டிவிட்டார்கள். "எல்லாத்தையும் எடுத்தா" என்றார்கள். கால் விழுந்த பிறகு வந்தவை ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றாக, ஒன்றும் சேர்க்காமல் வாசித்தேன். அம்மாவின் பேச்சே வராத கடிதங்களும் இருந்தன. கால் வரவேண்டிய இடம் வந்ததும் நான் கொஞ்சம் நிறுத்துவேன், அம்மா "ம், மேல" என்பார்கள். ஏழிலும் அப்படித்தான். வாழைப்பழக் கதை வந்த இடத்தில் மட்டும், "பழம் வந்தது தெரியும். யார் குடுத்ததுன்னு நான் கேக்கல" என்றார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார்கள். தங்களைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். அழுவார்கள் என்றும் நினைத்தேன். இந்த வீட்டில் பதினாறு வருஷம் இருந்தும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"அப்போ எம் மவன் எங்கூடப் பேசவே இல்ல. நீதான் பேசியிருக்க" என்றார்கள். "அவன் குரல எடுத்து மாட்டிக்கிட்டு, கால் எப்படி இருக்கு, கால் எப்படி இருக்குன்னு. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டப்ப நீ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்த. இல்லையா? ஊரெல்லாம் பீத்தினேனே, அதையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

ஆமாம் என்றேன்.

"அவன் எங்கயோ இருந்து மறந்தான். அது போவட்டும். நீ பக்கத்துல இருந்து ஏமாத்தியிருக்க. அந்தப் பள்ளிக்கூடத்துக் காயிதத்த எடு. மை எடு."

கைநாட்டு வைத்தார்கள். அழுத்தி வைத்ததில் தாள் கிழிந்தது, மானேஜர் அதை ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு சுப்பம்மாளிடம், "இவ இதுவரைக்கும் தொட்ட சொம்பையெல்லாம் புளி போட்டுத் தேய். வாய் கொப்புளிக்கத் தண்ணி நீ கொண்டா. இவ கையால வேணாம்" என்றார்கள். எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு, "ஒரு சாக்கோட வந்த. அத எங்க வச்சேன்னு நெனவில்ல, இல்லைன்னா குடுத்திருப்பேன்."

தாங்கள் தராததை அவர்கள் தந்தார்கள். எப்படித் தந்தார்கள் என்பதை எழுதிவிட்டேன்.

அப்பாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். முதல் நாள் அறையின் தரையைத் தடவிப் பார்த்து, "சிமிட்டியா?" என்றார். இன்னும் நான் வெட்கப்பட்டு வராமல் இருந்ததாகத்தான் நினைக்கிறார், மன்னித்துவிட்டதாகவும் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். நானும் விட்டுவிட்டேன். பள்ளியில் எனக்கு முப்பத்தொரு தல்தீ இருக்கிறார்கள், அந்தச் சொல்லின் பிந்திய பொருளில் மட்டும். வாத்தியாரிடம் சொல்லுங்கள், அவர் சந்தோஷப்படுவார்.

நேற்றுச் சனிக்கிழமை க்யிம்யிண்டைங் போனேன். அம்மா என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். சுப்பம்மாள் படிக்கு இறங்கி வந்து சொன்னாள். சாப்பிடுகிறார்களாம். பேசுவதில்லையாம். தபால்காரர் வரும் வேளைக்கு மட்டும் தலையை வாரச் சொல்கிறார்களாம். தங்களைப் பற்றிக் கேட்கிற அண்டை வீட்டாரிடம், "எழுதுவான்" என்கிறார்களாம்.

சுப்பம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. இனித் தங்கள் கடிதம் வந்தால் படகுத்துறையில் மனு எழுதிக் கொடுக்கும் ஷம்சுதீன் வந்து வாசிப்பதாக ஏற்பாடு. அவரிடம் நானே பேசினேன். நல்ல மனிதர். தாளில் இருப்பதை மட்டும் வாசிப்பார், ஒரு சொல்லைக் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். ஆகவே இனித் தாங்கள் எழுத உட்காரும்போது நான் எதிரில் வந்து நிற்க மாட்டேன். அம்மாவைக் கொஞ்ச என் வாய் தேவையில்லை.

எனக்கு இனித் தாங்கள் எழுத வேண்டியதில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம், கேட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். இதைக் கேட்கத்தான் தாளை எடுத்தேன், மற்றதெல்லாம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். தேறவில்லை, வரவில்லை என்றே எழுதுங்கள், அது அவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு வரி மட்டும், கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

வலது கால்.

நீலாம்பாள்